அச்சு இல்லாமல் சுழல்வது

அன்புள்ள தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போதே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் முயன்று பார்த்தேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் முதல் வாக்கியமே எனக்கு வாயில் வரவில்லை. எழுதினால் கொஞ்சம் வரும். நான் வேலை பார்க்கிற கன்டெய்னர் யார்டு கேட் ஆபீஸில் மதியம் டிரெய்லர்கள் குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, பழைய கேட் பாஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நடுவில் லாரி வந்தால் நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்குவேன். அங்கங்கே பேச்சு அறுந்து தெரிந்தால் அதுதான் காரணம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் அந்தக் கணித நிறுவனத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டும். ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் இருக்கிற இடம். நுழைவுத் தேர்வு எழுதி, நேரில் போய் நாலு பேர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி வாங்கி வந்த சீட். அதற்கு, 'குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சேர இயலவில்லை' என்று ஒரு மெயில் எழுதி, இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறாய். அப்பாவின் மருந்துச் சீட்டுப் படத்தைத் தேடி உன் போனைத் திறந்தபோது பார்த்துவிட்டேன். அதற்கும் மன்னிப்பு. குடும்பச் சூழ்நிலை என்று நீ எழுதியிருப்பது எது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் தலைசுற்றல். அது வரும்போது அவர் தலையைப் பிடித்து முறைப்படி திருப்ப உன்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைக்கிறாய். ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் நான். அதை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துப் பார்த்தால், நீ பிறப்பதற்கு முன்னால் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் குப்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் உன் அம்மா என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தார்கள். எப்படி வாங்கினேன் என்பது யாருக்கும் தெரியாது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், போர்டில் வரைந்திருந்த வட்டத்தைக் காட்டி மையம் எங்கே என்று மேடம் கேட்டார்கள். நான் எழுந்து, "இங்க கீது மேடம்" என்றேன். வகுப்பே சிரித்தது. மேடம்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். பதில் சரிதான். ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வருடம் கல்யாணம். மூன்றாம் வருடம் உன்னை ஏழு மாதம் சுமந்துகொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் சுழற்சி பற்றிய பாடம் வந்தது. இரண்டு பரிமாணத்துக்கு எழுதினார்கள், மூன்றுக்கு எழுதினார்கள், "இப்படியே எத்தனை பரிமாணத்துக்கும் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போர்டை அழித்தார்கள். எனக்கு ஒரு சந்தேகம் தொண்டை வரை வந்து நின்றது. தாளில் ஒரு படம் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது. கதவு கீல் என்ற கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. நான்காவது பரிமாணத்தில் எதைச் சுற்றித் திரும்பும்? கேட்கவில்லை. அச்சு என்று ஒன்று எப்படியும் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்காத சந்தேகத்தை நிச்சயம் மாதிரி மடித்து வைத்துக்கொண்டு டிகிரியும் வாங்கிவிட்டேன்.

ஊருக்கு வந்தால் அங்கே வேறு விதம். பேசாமல் இருந்ததையே படிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். "அது கம்முனு கீதுன்னா மண்ட ஃபுல்லா கணக்கு ஓடிகினு கீதுன்னு அர்த்தம்" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு விண்ணப்பம், பையன் எந்த குரூப் எடுக்கலாம் என்ற கேள்வி, எல்லாம் என்னிடம்தான் வரும். எதற்கும் தெரியாது என்று நான் சொன்னதாக நினைவில்லை. தெரியாது என்றால் குப்பத்தின் டிகிரியே பொய்யாகிவிடும் என்று பயம். அந்தப் பயம் கடைசியில் உன்மேல்தான் வந்து விழுந்தது.

அந்த ஷூ ஞாபகம் இருக்கிறதா? நீ பிளஸ் ஒன். அப்பா அப்போது ஆர்பரில் கப்பல் சரக்கு இறக்குகிற கிரேன் மேலே. ஸ்டோரில் கொடுத்த புது சேஃப்டி ஷூவைப் பெட்டியோடு கொண்டுவந்து பிரித்தால் இரண்டும் இடது கால். இரண்டையும் மாட்டிக்கொண்டு ஹாலில் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு நடந்து காட்டினார். "நான் இன்னா கொக்கா, ஒத்த கால்ல நின்னு கிரேன் ஓட்ட?" என்றார். நீ சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நைனா, அதுல ஒண்ண நாலாவது பக்கமா பொரட்டி எடுத்தா ரைட்டு காலு ஆயிடும்" என்றாய். "அந்த நாலாவது பக்கம் எங்க கீதுன்னு சொல்லு, நாளைக்கு ஸ்டோர்ல கேட்டு வாங்கியாறேன்" என்றார் அப்பா.

நீ கை கழுவிவிட்டு வந்து, அவர் இடது காலைப் பேப்பரில் வைத்து வரைந்து வெட்டினாய். தரையில் வைத்து எப்படித் தள்ளினாலும், எந்தப் பக்கம் திருப்பினாலும் அது இடது பாதமாகவே கிடந்தது. பிறகு விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் புரட்டிப் போட்டாய். வலது பாதம். தரையோடு ஒட்டிக் கிடக்கிற தாளுக்கு உயரம் என்ற திசை தெரியாது, அதனால் அதற்கு இது மாயம் என்றாய். புரட்டும்போது பாதத்தின் நடுவே போகிற ஒரு கோடு மட்டும் அசையவில்லை, மற்றதெல்லாம் எழுந்து அந்தப் பக்கம் விழுந்தது, கவனித்தீர்களா என்று கேட்டாய். அதே போல ஷூவை நான்காவது திசையில் புரட்டினால் அசையாமல் நிற்பது கோடு இல்லை, ஷூவை நெட்டுக்கு இரண்டாகப் பிளந்த மாதிரி ஒரு தளம் முழுதாக நிற்கும், மற்றதெல்லாம் சுழலும் என்றாய். அப்பா அந்தப் பேப்பர் பாதத்தை எடுத்து விசிறிக்கொண்டு, "எதுவா இருந்தாலும் நாளைக்கு நான் செருப்பு போட்டுகினுதான் போவணும்" என்றார். நான் சிரித்தேன். உள்ளே மட்டும் எதுவோ தைத்தது. தளம் நிற்குமா? அச்சு எங்கே போனது?

பள்ளிகளுக்கு இடையேயான கணிதக் கண்காட்சிக்கு அதையே எடுத்துக்கொண்டாய். சார்ட்டில், 'நான்கு பரிமாணத்தில் சுழலும் பொருள் ஒரு கோட்டைச் சுற்றுவதில்லை. ஒரு தளம் அசையாமல் நிற்கிறது' என்று நீலத்தில் எழுதினாய். நான் தப்பு என்றேன். சுழல வேண்டுமென்றால் அச்சு வேண்டும் என்றேன். இரண்டு நாள் வாதாடினாய். எனக்குப் பதில் இல்லாமல் போகப் போகக் குரல்தான் ஏறியது. கடைசியில், "டிகிரி வாங்கினது நானா, நீயா?" என்று கேட்டேன். நீ கத்தரிக்கோலை எடுத்தாய். வெள்ளைத் தாளை நறுக்கி அந்த வரியின்மேல் ஒட்டி, 'அச்சு' என்று வருகிற மாதிரி மாற்றி எழுதினாய். கோந்து காய்கிற வரை அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாய். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரியாது. கண்காட்சி அன்று நான் அங்கே வந்திருந்தேன். அரை நாள் லீவு போட்டு, டோல்கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தப் பள்ளிக்கூடத்தைக் கேட்டுக் கேட்டு வந்தேன். உள்ளே நல்ல புடவை கட்டிய டீச்சர்களும் கோட்டு போட்டவர்களும். எனக்குக் கூச்சம். வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று உன் மேஜையைப் பார்த்தேன். நடுவராக வந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உன் சார்ட்டை முழுதும் படித்தார்கள். ஒட்டியிருந்த தாளை நகத்தால் நிரடினார்கள். ஓரம் லேசாகப் பெயர்ந்துவிட்டது. அடியில் இருந்ததைப் படித்துவிட்டு உன்னைப் பார்த்தார்கள்.

"கீழ சரியாத்தானே எழுதியிருக்க. ஏன் மேல ஒட்டின? யாராவது சொன்னாங்களா?"

நீ பெயர்ந்த ஓரத்தை விரலால் அழுத்தினாய். பிறகு, "இல்ல மிஸ், நானாத்தான் மாத்தினேன்" என்றாய்.

"மொதல்ல எழுதினத நம்பியிருக்கலாமேப்பா" என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள். எட்டு அடி தூரம்தான் இருக்கும், தம்பி. 'நான்தாங்க சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேன்' என்று வந்து நின்றிருக்கலாம். மொத்தம் நாலு வார்த்தை. வரவில்லை. உனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நீ வந்ததும் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். "சுமார் மா" என்றாய். சார்ட்டைச் சுருட்டிப் பரணில் போட்டாய். நீ எனக்காகப் பொய் சொன்னது எனக்குத் தெரியும் என்பதை நான்கு வருடமாக மறைத்து வைத்திருந்தேன். அதை இன்றோடு இறக்கி வைக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம்தான் அப்பாவுக்கு வந்தது. விடியற்காலையில் கட்டிலில் புரண்டு எழுந்தவர் பீரோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வீடு சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். ராயபுரத்துக் காது டாக்டரம்மா பிளாஸ்டிக் மாடலைப் பிரித்துக் காட்டினார்கள். காதுக்குள்ளே மூன்று அரை வளையங்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக. ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகத் தலை திரும்புவதை அறியும். வலது காதில் ஒரு வளையத்துக்குள் மணல் மாதிரி துகள் விழுந்திருக்கிறது, அதனால் திரும்பாத தலை திரும்புவதாகக் காது பொய் சொல்கிறது என்றார்கள். வெளியே பெஞ்சில் மருந்துக்காகக் காத்திருந்தோம். நீ என் பக்கம் திரும்பி, "மா, மூணு வளையம் எதுக்குத் தெரியுமா? மூணு அச்சு இல்ல, மூணு தள…" என்று ஆரம்பித்தாய். என் முகத்தைப் பார்த்தாய். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாய். கண்காட்சியில் நீ இழந்த பரிசு எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பாதி வாக்கியத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து நீ என்னிடம் கணக்குப் பேசவில்லை.

அப்பாவைக் கிரேனிலிருந்து இறக்கிக் கீழே சிக்னல் காட்டுகிற வேலையில் போட்டார்கள். "மேல குந்திகினு கீழ பாத்து ஓட்டினவன், இப்ப கீழ நின்னுகினு அண்ணாந்து பாக்கிறேன். அண்ணாந்தாதான் தல சுத்துது. எவன்டா போட்டான் இந்த வேலைய?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். டாக்டரம்மா வீட்டில் செய்யச் சொல்லி ஒரு முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். உட்கார வைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பி, அப்படியே மல்லாக்கச் சாய்த்து, பொறுத்து, இடப்பக்கம் திருப்பி, பொறுத்து, உடம்போடு உருட்டி, எழுப்பி உட்கார வைப்பது. துகள் வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்துவிடும். நான் சீட்டில் எழுதிக்கொண்டேன். புரிகிறதா என்று கேட்டதற்குப் புரிகிறது என்றேன்.

நீ காலேஜுக்குப் போயிருந்த ஒரு காலையில் அவருக்கு வந்துவிட்டது. சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். வலது என்று எழுதியிருந்தது. என் வலது கைப்பக்கமாகத் திருப்பினேன். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது இடது. சாய்த்ததும் அவர் கண் இரண்டும் துடித்தது. நிறுத்து நிறுத்து என்று கையை உதறிக்கொண்டு எழுந்தவர் தையல் மெஷின் முனையில் போய் விழுந்தார். புருவத்துக்கு மேல் மூன்று தையல். கேட்டவர்களிடமெல்லாம் பீரோக் கதவு இடித்துவிட்டது என்று சொன்னார். இந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் எனக்காகப் பொய் சொல்வதில் கெட்டிக்காரர்கள். நீ வந்து தையலைப் பார்த்தாய், சீட்டைப் பார்த்தாய். "பரவால்ல மா. இனிமே நான் பாத்துக்கிறேன்" என்றாய். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வருடமாக நீதான் பார்த்துக்கொள்கிறாய். சில மாதத்துக்கு ஒரு முறை வந்து நாலைந்து நாள் இருந்துவிட்டுப் போகிறது அது. அது எப்போது வருமோ என்று நீ வகுப்பு டூருக்குக்கூடப் போகவில்லை. அந்த நேர்காணல் ஒன்றைத் தவிர, எந்த ஊருக்குப் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறாய். நான் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறேன்.

போன ஞாயிறு அப்பா உன்னிடம், "நீ இன்னா என் தலைக்கு வாட்ச்மேனா? கெளம்பிப் போ" என்றது எனக்கு அடுப்படியில் கேட்டது. நீ சொன்ன பதிலும் கேட்டது. "அம்மாவால முடியாது நைனா. அதுக்குப் பயம்." கோபமே இல்லாமல் சொன்னாய். மழை வரும் என்று சொல்கிற மாதிரி. வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பாதியில் வைத்துவிட்டேன். நீ சொன்னது உண்மை. உண்மையாக இருந்தது. அதை மாற்றுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன் என்று நினைக்காதே. அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டேன்.

நேர்காணலுக்கு நீ கிளம்பிப் போன அன்று பரணைத் துடைக்க ஏறினேன். உன் பிளஸ் டூ நோட்டு கிடைத்தது. படித்தேன். முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. பையில் போட்டு ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். பிடிபட்டது டீக்கடைக்குப் போகிற விஷயத்தில். கேட் ஆபீஸில் முன்பு நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் சேர்ந்து டீக்குப் போவோம், ஒருவர் கேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று பேரில் எந்த இருவர் போவது என்பதற்கு மூன்று விதம்தான், மிஞ்சுவது எப்போதும் ஒருவர். போன வருடம் செல்வி வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு பேர் ஆனோம். இப்போது இரண்டு பேர் போவதற்கு ஆறு விதம். மிஞ்சுவது இருவர். நீ நோட்டில் எழுதியிருந்தது இதைத்தான் என்று டிரெய்லர் நம்பரை எழுதிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. ஆட்களுக்குப் பதில் திசைகள். சுழல்வதற்கு எதையும் சுற்ற வேண்டியதில்லை. இரண்டு திசைகள் போதும். கிழக்கே இருந்தது வடக்கே போகும், வடக்கே இருந்தது மேற்கே போகும், அவ்வளவுதான் சுழற்சி. மற்ற திசைகள் அதில் கலந்துகொள்ளாமல் சும்மா நிற்கும். நம் உலகத்தில் மொத்தமே மூன்று திசை என்பதால் சும்மா நிற்பது ஒன்றுதான். அதற்கு அச்சு என்று பெயர் வைத்து, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அது கேட்டைப் பார்த்துக்கொள்ள மிஞ்சிய ஆள், அவ்வளவே. தட்டையான தாளில் மிஞ்ச ஆளே இல்லை, அதனால் வெறும் புள்ளி. நான்கு திசை இருந்தால் இரண்டு மிஞ்சும், ஒரு தளமே நிற்கும். நீ நீலத்தில் எழுதியது சரி.

அடுத்த பக்கத்தில் நீ எழுதியிருந்ததைப் படிக்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. மிஞ்சி நிற்கிற அந்த இரண்டு திசைகளும் சும்மா நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவை இரண்டும் தமக்குள் சுழலலாம், தம் வேகத்தில். முதல் சுழற்சியை அது இம்மியும் தொடாது. எது முன்னால், எது பின்னால் என்ற கேள்வியும் கிடையாது, எந்த வரிசையில் செய்தாலும் முடிவு ஒன்றே. அப்படி இரண்டும் ஒன்றாக நடக்கும்போது அந்தப் பொருளில் அசையாமல் நிற்கிற கோடு என்று எதுவுமே இல்லை. நடுப்புள்ளி மட்டும் அப்படியே இருக்கும். இதைப் புரிந்துகொண்ட அன்று கேட் ஆபீஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வி பயந்துபோய், "இன்னாக்கா, வூட்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டாள். கணக்கு புரிந்துவிட்டது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீ வாங்கி வந்தாள். கணக்கை வீட்டுக்கு உவமை சொல்வது எனக்குப் பிடிக்காது. நீயும் முகத்தைச் சுளிப்பாய். அதனால் இதை வைத்து நம் மூன்று பேரைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. யாராவது ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது கணக்கிலேயே தப்பு. அதை மட்டும் திருத்திக்கொள்கிறேன்.

பரணிலிருந்து அந்தச் சார்ட்டையும் இறக்கினேன். ஈரத்துணியை வைத்து வைத்து, நான் ஒட்ட வைத்த தாளை உரித்தேன். நீலம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. சுருட்டி உன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நீ போகிற இடத்தில் உன்னைவிட நல்ல பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் இருப்பார்கள். உனக்கு நான் சொல்லக்கூடியது இரண்டுதான், இரண்டும் நான் செய்யாதவை. தெரியாததைத் தெரியாது என்று அந்த நிமிடமே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப்போட்டால் அது பொய்யாக முற்றிவிடும். இன்னொன்று, உன் பேச்சை மாற்றிக்கொள்ளாதே. 'இங்க கீது' என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மையம் அங்கேதான் இருக்கிறது என்றால் அங்கேதான் கீது. அவர்கள் சிரித்து முடிக்கிற வரை நின்று, அடுத்த வரியைச் சொல். நான் உட்கார்ந்துவிட்டேன். நீ உட்காராதே.

இனி நான் கேட்க வந்தது. இரண்டு சனிக்கிழமை அந்த டாக்டரம்மாவிடம் தனியாகப் போய் வந்தேன். காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவதாக உன்னிடம் சொன்னது பொய். முதல் நாளே, எனக்குத் தெரியவில்லை, மறுபடியும் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னதும் தலையில் இருந்த கூடையை இறக்கிய மாதிரி இருந்தது. நான் எதிரே உட்கார்ந்து செய்ததைச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. பின்னால் நின்று செய்யுங்கள், அப்போது அவர் வலதும் உங்கள் வலதும் ஒன்று என்றார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது. அவர்கள் கண் முன்னால் அவர்களுடைய நர்ஸுக்கு ஐந்து முறை செய்து காட்டினேன். அதற்குப் பிறகு மதிய நேரத்தில் ஆபீஸ் மேஜைமேல் செல்வியைப் படுக்க வைத்துப் பழகுகிறேன். "எனக்குத் தல சுத்தலக்கா, பசியிலதான் எல்லாம் சுத்துது" என்று முனகிக்கொண்டே தலையைக் கொடுக்கிறாள். சீட்டு இப்போது எனக்குத் தேவையில்லை.

இன்று காலை அப்பாவுக்கு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. கொடியில் துண்டை எடுக்க அண்ணாந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நீ பல் தேய்த்துக்கொண்டிருந்தாய். மெயில் விஷயத்தை நான் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் நீ அதை அனுப்பிவிடுவாய் என்று என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் மறைக்கப்போவதில்லை. இந்த வீட்டில் போதுமான அளவு மறைத்தாயிற்று.

அதனால் கேட்கிறேன். நாளை வியாழக்கிழமை காலை, நாஷ்டாவுக்கு முன்னால், அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்து, பின்னால் நின்று, நான் அவர் தலையைத் திருப்புவேன். அவருக்குச் சம்மதம். தையல் மெஷினை மட்டும் தள்ளி வைக்கச் சொன்னார், வைத்துவிட்டேன். நீ வா, அறை வாசற்படியில் நின்று பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள். வலது என்றோ இடது என்றோ வாயைத் திறக்காதே. நான் தப்பாகத் திருப்பினால் மட்டும் சொல். சொன்னால் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடியும் நானே செய்வேன். எத்தனை முறை ஆனாலும் நானே செய்வேன். நீ கட்டில் பக்கம் வர வேண்டாம். அப்பா எழுந்து உட்கார்ந்து, சுவர் நின்ற இடத்தில் நிற்கிறது என்று சொன்னதும், அந்த மெயிலை அழித்துவிட்டு, வருகிறேன் என்று எழுது.

அவ்வளவுதான், தம்பி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்.

அம்மா